பூசை ரசத்தில் விழுந்த குருணை

போன மாதம் ஸ்டெல்லா என் போனுக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். நான் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த கன்னியர் மடத்தில் இப்போது பூசைச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறவள் அவள்தான். படத்தில் பூசைக்கு வைக்கிற திராட்சை ரசப் பாட்டில் ஒன்று இருந்தது. அதன் அடியில் சிவப்பாக, பளபளவென்று ஏதோ பொடி. ‘அக்கா, கண்ணாடித் தூளு மாதிரி இருக்குது. மலைக் கோயில்லேருந்து பாக்கச் சொல்லி இங்க அனுப்பிட்டாங்க. கீழ கொட்டிடவா?’ என்று எழுதியிருந்தாள்.

கொட்டினால் உன் காதைத் திருகிவிடுவேன் என்று பதில் அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

“கோச்சுக்காதீங்க அக்கா. பாட்டில்னாலே நம்ம ஜில்லாவுல ஜனம் பயப்படுது. நான் இன்னா பண்ணட்டும்?”

அவள் பயத்தில் தப்பில்லை. கள்ளச்சாராயம் குடித்துச் செத்தவர்களின் வீடுகள் எங்கள் பக்கத்தில் நிறைய உண்டு. அதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

“பாட்டில எங்க வச்சிருந்தாங்களாம்?” என்று கேட்டேன்.

“மலைல புதுசா ஃபிரிட்ஜ் வாங்கியிருக்காங்களாம். அதுலதான்.”

“அப்ப அது திராட்சையோட சொந்த உப்புடி. குளிர்ல கீழ விழும். ஒண்ணும் பண்ணாது.”

“எப்டிக்கா அவ்ளோ தெகிரியமா சொல்றீங்க?”

அது போனில் சொல்லி முடிகிற கதை இல்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைத்தான் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன்.

என் ஊர் ரிஷிவந்தியம் பக்கம். காட்டு வேலைக்குப் போகிற குடும்பம். கன்னியாஸ்திரி ஆகிறேன் என்று சொல்லிக்கொண்டு சின்ன வயதில் மடத்துக்குள் போனேன். கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு வாய் ஜாஸ்தி, துறவறத்துக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார்கள். உண்மைதான், ஜாஸ்திதான். வீட்டுக்குத் திரும்பிப் போக வெட்கமாக இருந்தது. மடத்துத் தலைவி மதர் கிளாரா என்னைக் கூப்பிட்டு, “சபைக்குத்தான் வேண்டாம் என்றார்கள். வேலைக்கு நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே” என்றார். அன்றைக்குப் பூசை அப்பம் சுடுகிற அறையில் நுழைந்தேன். பிறகு ரச அறைக்கு மாறினேன். ஓய்வு பெறும்வரைக்கும் அங்கேயேதான் இருந்தேன்.

ரசம் செய்வது எங்கள் வேலை இல்லை. அதற்கு அனுமதி வாங்கின இடம் வேறு ஊரில் இருந்தது. அங்கிருந்து பெரிய கண்ணாடி ஜாடிகளில், பிரம்புக் கூடைக்குள் உட்கார வைத்து லாரியில் வரும். அதைத் தெளிய வைத்து, பாட்டிலில் இறக்கி, தக்கை அடித்து, மெழுகு பூசி, கோயில்களுக்கு அனுப்புவதுதான் நாங்கள் செய்தது. கள்ளக்குறிச்சி, திருக்கோவிலூர், மூங்கில்துறைப்பட்டு, மேலே கல்வராயன் மலைக் கோயில் எல்லாவற்றுக்கும் எங்கள் அறையிலிருந்துதான் போகும். “ரசம் அனுப்பிட்டீங்களா?” என்று பங்குச் சாமியார்கள் போன் செய்யும்போது, “மெளகு ரசமா, தக்காளி ரசமா சாமி?” என்று கேட்பேன். மதர் முறைப்பார்.

மதர் கிளாரா தஞ்சாவூர்ப் பக்கம். ஒல்லியான உடம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டு வருவார். அடிக்கடி கை கழுவுகிறார் என்றால் அன்றைக்கு நாங்கள் ஒதுங்கிக்கொள்வோம். எதைக் கேட்டாலும் அவருடைய முதல் பதில், “நிக்கட்டும்.” லாரியில் வந்த ஜாடியா, நிக்கட்டும். இரண்டு சிஸ்டர்களுக்குள் சண்டையா, நிக்கட்டும். சம்பளத்தோடு கொஞ்சம் முன்பணம் கேட்டாலும் நிக்கட்டும்தான். ஆனால் மறக்க மாட்டார். நின்று தெளிந்தது என்று அவருக்குத் தோன்றும்போது தானே கூப்பிட்டுப் பதில் சொல்வார்.

ரச அறை மடத்து மருந்தகத்துக்குப் பின்னால், பாதி தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னலில் ஈரச் சாக்கு தொங்கும். ஜாடியை மணல் பரப்பின் மேல் வைத்துவிட்டால் பிறகு அசைக்கக் கூடாது. கதவை அடித்துச் சாத்தக்கூடக் கூடாது. வாரக்கணக்கில் நின்று, மேலே தெளிந்து, அடியில் மண்டி தங்கும். நல்லெண்ணெய் ஜாடியின் அடியில் தங்குகிறதே, அதே மாதிரிதான்.

இறக்குகிற நாளில் மதர் பக்கத்திலேயே நிற்பார். ரப்பர் குழாயின் முனையில் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றைச் சேர்த்துக் கட்டுவோம். குச்சி குழாயைவிடக் கொஞ்சம் நீளமாகத் துருத்திக்கொண்டிருக்கும். குச்சி ஜாடியின் அடியைத் தொடும்போது குழாயின் வாய் மண்டிக்கு மேலேயே நின்றுவிடும். வாயால் உறிஞ்சி இழுக்கக் கூடாது. மருந்தகத்துக் கண்ணாடி ஊசிக் குழலை வைத்துத்தான் இழுக்க வேண்டும். ஓடுகிற குழாய்க்குப் பின்னால் ஒரு மெழுகுவர்த்தி எரியும். ரசம் மாணிக்க நிறத்தில் ஓடிக்கொண்டே இருக்கும்போது, திடீரென்று உள்ளே புகை போல ஓர் இழை தெரியும். அந்த இழை தெரிந்ததும் குழாயை மடக்கிப் பிடித்துவிட வேண்டும். இன்னும் ஒரு பாட்டில் தேறும் போல இருக்கிறதே என்று கை குறுகுறுக்கும். மதர் விட மாட்டார். மிச்சம் முருங்கை மரத்துக்குப் போகும். அந்த முருங்கைக்காய் சாம்பார் சாப்பிட்டால் தூக்கம் வருகிறது என்று சிஸ்டர்கள் சிரிப்பார்கள்.

அடியில் தங்குவது எல்லாம் ஒன்றல்ல என்று மதர்தான் சொல்லிக்கொடுத்தார். மெத்தென்று கிடந்து, ஆட்டினால் கலங்குகிறது மண்டி. திராட்சைத் தோலும் நொதியும் அடங்கினது அது. ரசம் கெட்டதாக அர்த்தமில்லை, பீடத்தில் வைக்க அழகில்லை, அவ்வளவுதான். மேலே ஏடு கட்டி நூல் நூலாகத் தொங்கினால் ரசம் காடியாகிக்கொண்டிருக்கிறது, அதைத் தள்ளி வை. “மூன்றாவது ஒன்று இருக்கிறதாம் மேரி. நான் படித்ததுதான், பார்த்ததில்லை” என்று ஒருமுறை சொன்னார். எங்கள் ஊர் வெயிலில் அதற்கு எங்கே வழி இருந்தது?

இனி செபஸ்தியானைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வேலை பார்த்தார். கரும்புப் பாகைப் பெரிய கொப்பரையில் காய்ச்சி, சர்க்கரை மணி பிடிக்கிற பதம் பார்க்கிற வேலை. அந்தக் கொப்பரையை ஆலையில் ‘பேன்’ என்பார்கள். அதனால் அவர் பேன் மேன். முதல் தடவை அவர் தன்னை அப்படி அறிமுகப்படுத்திக்கொண்டபோது, “யாரு தலைல பேன் பாக்கறீங்க?” என்று கேட்டுவிட்டேன். பெரிய உருவம், கையெல்லாம் பாகு தெறித்த தழும்பு. அந்த ஆள் சிரித்த சிரிப்பில் சமையலறையிலிருந்து சிஸ்டர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவருடைய மனைவி ஆக்னஸ் மலைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். காய்ச்சல் கண்டு, கீழே இறக்கிக்கொண்டு வர வண்டி கிடைப்பதற்குள் அங்கேயே இறந்துபோனாள். அடக்கமும் மலையில்தான். பிள்ளைகள் இல்லை. அதிலிருந்து மாதம் தவறாமல் அவர் மொபெட்டில் மலைக்குப் போய், மனைவிக்காக ஒரு பூசை வைத்துவிட்டு வருவார். மலைக் கோயிலுக்கான ரசத்தையும் அவரே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அதனால் மாதம் ஒருமுறை என் அறை வாசலில் வந்து நின்று, “இன்னாங்க மேரிம்மா, சாமான் ரெடிங்களா?” என்பார். பாட்டில்களை வைக்கோல் சுற்றிப் பையில் அடுக்கித் தருவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அந்தப் பேச்சுக்காக மாதத்தின் மற்ற நாளெல்லாம் நான் காத்திருந்தேன். இப்போது எழுபதை நெருங்குகிறேன், இனி யாருக்குப் பயந்து மறைக்க வேண்டும்? அவர்மேல் எனக்கு ஆசை இருந்தது.

ஒரு வருஷம் மார்கழியில் மலைக்குளிர் கடுமையாக இருந்தது. மலைக் கோயிலில் பாட்டில்கள் சிமெண்டுத் தரையில் ஜன்னலோரமாகக் கிடந்திருக்கின்றன. பொங்கல் கழிந்து ஒரு நாள் மத்தியானம் செபஸ்தியான் வந்தார். வண்டிக்கு ஸ்டாண்டு போடாமலேயே கீழே சாய்த்துவிட்டு, துண்டில் சுற்றின பாட்டிலோடு நேராக அறைக்குள் இறங்கினார்.

“இன்னா போட்ட நீ இதுல?”

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் என்னை ‘நீ’ என்று சொன்னதே முதலில் காதில் விழுந்தது.

“இன்னா போட்டேன்? நீங்கதான தக்கை அடிக்கறத பாத்துக்கினு நின்னீங்க?”

“சக்கர போட்டிருக்க. ரசம் புளிச்சிப்போச்சின்னு சக்கரயக் கொட்டி அடக்கியிருக்க. என் கண்ணுக்கு சக்கர தெரியாதா?”

சட்டைப் பையிலிருந்து ஒரு கண்ணாடித் துண்டை எடுத்தார். ஆலையில் கொப்பரைப் பாகைத் தடவி வெளிச்சத்தில் மணி பார்க்கிற கண்ணாடி அது. பாட்டிலின் அடியிலிருந்து வழித்து எடுத்துக் காகிதத்தில் மடித்து வைத்திருந்ததை அதன்மேல் தட்டி, ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். சிவப்புக் குருணை, மூலை மூலையாக, வெட்டினாற்போல நின்றது. வெளுக்காத சர்க்கரை அப்படித்தான் இருக்கும். நான் பார்த்தாலும் சர்க்கரை என்றுதான் சொல்லியிருப்பேன்.

பூசை ரசம் என்றால் திராட்சை மட்டும்தான். அதில் ஒரு சிட்டிகை சர்க்கரைகூடச் சேரக் கூடாது என்பது எங்களுக்கெல்லாம் சின்ன வயதிலேயே தெரியும். ஆனால் கிறிஸ்துமஸுக்கு வீட்டில் ரசம் போடுகிற யாரும் சர்க்கரை இல்லாமல் போடுவதில்லை. கிலோக் கணக்கில் கொட்டுவார்கள். பக்குவம் கேட்கிறவர்களுக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், அது அவருக்கும் தெரியும். அதனால் அவர் சந்தேகப்பட்டதில் ஆச்சரியம் இல்லை.

“மாசா மாசம் ஆக்னஸுக்கு வச்ச பூசையெல்லாம் இந்த ரசத்துலதான நடந்துது? ரசமே ரசம் இல்லன்னா பூசை ஏது? அவ இன்னும் உத்தரிக்கற ஸ்தலத்துல காத்துக்கினு கெடக்கறாளா, மோட்சம் போய்ச் சேந்தாளா? சொல்லு.”

பதிலுக்குப் பதில் சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். என்னைப் போய்த் திருடி மாதிரி கேட்டுவிட்டாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் அவர் அந்தக் குருணையை ஒன்றுகூடச் சிந்தாமல் திரும்பக் காகிதத்தில் தட்டி மடித்துக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

சத்தம் கேட்டு மதர் இறங்கி வந்தார். கூட வந்த சிஸ்டர் ஒருவர், “கடவுள் மனசைத்தான் பார்ப்பார் செபஸ்தியான்” என்று ஆரம்பித்தார்.

“ஆறுதல் வேணாம் சிஸ்டர். வச்ச பூசை செல்லுமா, செல்லாதா? அத மட்டும் சொல்லுங்க.”

மதர் பாட்டிலை வாங்கி, ஆட்டாமல் மேஜையில் வைத்தார். “சர்க்கரை என்றால் அதற்கு நான் பதில் சொல்ல வேண்டும். ஆயரிடமே போய்ச் சொல்வேன். முதலில் சர்க்கரைதானா என்று பார்ப்போம். பாட்டில் நிக்கட்டும்” என்றார்.

நிக்கட்டும். உயிர் போகிற மாதிரி கேட்கிறவரிடம் போய் அதைச் சொன்னார். எனக்கு மதர்மேல்தான் ஆத்திரம் வந்தது. செபஸ்தியான் வீட்டுக்குப் போகவில்லை. பாட்டிலுக்கு எதிரே முக்காலியில் உட்கார்ந்துவிட்டார். சோறு கொண்டுவந்து வைத்தேன், தொடவில்லை. கொண்டுவந்த குலுக்கலில் கலங்கினதெல்லாம் சாயங்காலத்துக்குள் படிந்தது. மதர் மெழுகுவர்த்தியை ஏற்றி, பாட்டில் கழுத்துக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ரசத்தை வேறொரு பாட்டிலுக்குச் சாய்த்தார். அவர் கை ஒரே சாய்வில் நின்றது. கடைசி வாயளவு மிஞ்சினதும் நிறுத்தி, அதை ஒரு வெள்ளைத் துணியில் ஊற்றினார். துணியில் குருணை தங்கியது. அதைக் குளிர்ந்த தண்ணீரில் அலசினார். அப்படியே இருந்தது.

“நாக்கில் வைத்துப் பாருங்கள். இது இன்னும் பீடத்துக்குப் போகாத ரசம், பாவமில்லை.”

செபஸ்தியான் விரலில் ஒற்றி நாக்கில் வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பல்லில் நறநறவென்று அரைபடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

“புளிக்குது” என்றார். துணியைத் திரும்பப் பார்த்து, “நான் ஒரு பைத்தியக்காரன். சக்கரயா இருந்தா இத்தினி தண்ணில கரையாம இன்னாத்துக்கு கெடக்கும்? சின்னப் புள்ளைக்குக்கூட தெரியும். எனக்குத் தோணலையே” என்றார்.

நான் பெருமூச்சு விட்டேன். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

“சரி, சக்கர இல்ல. அப்ப இது இன்னா? உப்பா, மருந்தா? திராட்சைல இல்லாத ஒண்ணு எதுவா இருந்தாலும் அதே கதிதான மதர்?”

மதர் போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார். அவர் யார்மேல் கோபப்பட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. “திராட்சைக்கே சொந்தமான உப்பு ஒன்று உண்டு. ரசம் ரொம்பக் குளிர்ந்தால் அது கீழே விழும் என்று படித்திருக்கிறேன். பார்த்ததில்லை. பார்க்காததை உங்களுக்குச் சத்தியம் பண்ணித் தர மாட்டேன். அதே ஜாடியில் இறக்கின பாட்டில் இங்கே இருக்கிறது. தெளிவாகத்தான் இருக்கிறது. அதைக் குளிரில் வைப்போம்” என்றார்.

குளிருக்கு எங்கள் ஊரில் எங்கே போவது? மருந்தகத்தில் தடுப்பூசி வைக்கிற ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. அதில் ஓர் ஓரத்தை ஒழித்துக் கொடுத்தார்கள். பாட்டிலை வெளிச்சத்தில் காட்டி, அடியில் ஒன்றும் இல்லை என்று செபஸ்தியானே பார்த்துக்கொண்டார். தக்கையின் மேல் மெழுகு ஊற்றினதும், சூடு ஆறுவதற்குள் தன் கட்டை விரலை அதில் அழுத்தினார். யாரும் திறக்க முடியாது, திறந்தால் தெரிந்துவிடும். என்மேல் அவருக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று தெரிந்தது. வலித்தது. ஆனாலும் நான்தான் மெழுகை ஊற்றினேன்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள்தான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்தவை என்று சொல்வேன்.

ஷிப்ட் முடிந்ததும் தினமும் வந்துவிடுவார். மருந்தகத்து வாசல் பெஞ்சில் உட்காருவார். நான் ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை அசைக்காமல் வெளிச்சம் காட்டுவேன். இருவரும் குனிந்து அடியைப் பார்ப்போம். ஒன்றும் இருக்காது. மூடிவிட்டு வந்து பெஞ்சில் உட்காருவோம். அவர்மேல் பாகு மணம் அடிக்கும். முதல் நாள் கோபத்தில் வந்த அந்த ‘நீ’ அப்படியே ஒட்டிக்கொண்டது, அவர் கவனிக்கவே இல்லை. “மேரி, நீ டீ குடிச்சியா?” என்பார். “மேரி, உங்க மதருக்கு கோவமே வராதா?” என்பார். ஐம்பது பேர் என்னை நீ என்று சொல்லியிருப்பார்கள். அவர் சொல்லும்போது மட்டும் கேட்காதது போல இன்னொரு தடவை சொல்ல வைப்பேன்.

பேன் வேலையைப் பற்றி நிறையச் சொன்னார். “பாகு ஒரு பதத்துக்கு வரணும். அதுக்கு முன்ன நீ தலகீழ நின்னாலும் மணி நிக்காது. வந்துட்டா நீ வேணாம்னாலும் நிக்கும்.” ஆக்னஸைப் பற்றியும் சொன்னார். மலையேறின புதிதில் அவள் அட்டைக்குப் பயந்து மேஜைமேல் ஏறி நின்று பாடம் நடத்தினாளாம். புளிப்பு என்றால் உயிராம், மாங்காயைக் கடித்துக்கொண்டேதான் பரீட்சைத் தாள் திருத்துவாளாம். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். பொறாமை வரவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் பெயரைச் சொல்லும்போது அவர் முகம் தெளிவதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

தினமும் காலையில் ஜெபம் சொல்லும்போது அந்தப் பாட்டிலுக்காகவும் வேண்டிக்கொள்வேன். குருணை விழ வேண்டும். விழுந்தால்தான் ஆக்னஸின் பூசையெல்லாம் செல்லும், இந்த மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார். விழுந்துவிட்டால் நாளைக்கு இந்தப் பெஞ்சுக்கு அவர் ஏன் வரப்போகிறார்? ‘விழட்டும் சாமி. ஆனால் இன்றைக்கு வேண்டாம்’ என்று சொல்வேன். தினமும் இதே ஜெபம்தான்.

ஒரு நாள் விழுந்தது. அன்றைக்கு நான் வெளிச்சம் காட்டினபோதே ஓரத்தில் இரண்டு மூன்று மின்னுவதைப் பார்த்துவிட்டேன். சொல்லாமல் ஒரு கணம் நின்றேன். அதற்குள் அவரும் பார்த்துவிட்டார். மதரைக் கூப்பிட்டோம். மெழுகில் அவர் விரல் ரேகை அப்படியே இருந்தது. உடைத்து, சாய்த்து, குருணையைத் துணியில் எடுத்து, அவருடைய கண்ணாடியில் தட்டினோம். மலைப் பாட்டிலில் கிடந்த அதே குருணை, அதே மூலைகள். நாக்கில் வைத்தார். அதே புளிப்பு. கொஞ்சத்தைச் சூடான தண்ணீரில் போட்டு மதர் கலக்கினார், மெல்லக் கரைந்தது.

“பாகு ஆறினா மணி விழற மாதிரிதான்” என்றார் செபஸ்தியான். “குளிர்ல அதோட சொந்த சரக்கு கீழ எறங்குது. வெளில இருந்து ஒண்ணும் வரல.”

“ஆமாம். இப்போது நானும் பார்த்துவிட்டேன். பூசை எல்லாம் செல்லும்” என்றார் மதர்.

அந்தப் பெரிய மனிதர் மருந்தகத்துச் சுவரில் தலையைச் சாய்த்து வாய்விட்டு அழுதார். இருமல் மருந்துக்கு வந்திருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு எல்லாம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“உங்கள நான் ரொம்ப பேசிட்டேங்க மேரிம்மா. வாய்க்கு வந்தபடி நீ, வா, போன்னு… மன்னிச்சுக்குங்க.”

மன்னிப்பா கேட்டேன் நான்? அந்த ‘நீ’யை எடுத்துக்கொண்டு போய்விட்டாரே என்று அடித்துக்கொண்டது மனசு. “அதனால இன்னாங்க” என்றுதான் சொன்னேன்.

அடுத்த மாதத்திலிருந்து பழையபடி மாதம் ஒருமுறை, அறை வாசலில், “சாமான் ரெடிங்களா?” வருஷங்கள் இப்படியே போயின. மலைக்குப் போகிற பாட்டில்களை மார்கழியில் வைக்கோல் சுற்றி மரப் பெட்டியில் வைக்கச் சொல்லி அனுப்புவேன். அது ஒன்றுதான் எங்கள் வேலையில் மாறியது. ஒரு நாள் அவர் போனதும் தக்கைக் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்து நின்றேன் போலிருக்கிறது. மதர் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

“என்ன மேரி?”

“ஒண்ணுமில்ல மதர். அவரு… நான் ஏதாவது சொல்லலாமான்னு…”

மதருக்குப் புரிந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. என் தோளில் கை வைத்து, “நிக்கட்டும்” என்றார்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அவர் சொன்னதால் நின்றேன். தெளிந்ததும் அவரே கூப்பிட்டுச் சொல்வார் என்று நம்பினேன். சொல்வதற்குள் அவருக்கு மாற்றல் வந்தது, போன இடத்தில் இறந்தும் போனார். அவரைப் போல ஒரு மேலதிகாரி எனக்கு வாய்த்ததில்லை, அவரை நினைக்காத நாளில்லை. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: ரசத்துக்கு நிற்கிற பொறுமை மனுஷ ஆயுசுக்கு ஆகுமா மதர்?

பிறகு எல்லாம் மாறிவிட்டது. இப்போது ரசத்தைச் செய்கிற இடத்திலேயே குளிரவைத்து வடிகட்டி, பாட்டிலிலேயே அடைத்து, வேனில் நேராகக் கோயில்களுக்கே அனுப்பிவிடுகிறார்கள். மண்டி இல்லை, மெழுகுவர்த்தி இல்லை. எப்போதாவது ஸ்டெல்லாவுக்கு வந்தது போல வடிகட்டலுக்குத் தப்பின குருணை ஒன்றிரண்டு விழுவதுதான். வேன் வர ஆரம்பித்த மாதம் செபஸ்தியான் ஒரு தடவை வந்தார். அவர் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார்.

“இனிமே நான் இந்தப் பக்கம் வர வேல இல்லீங்க, மேரிம்மா.”

“சரிங்க” என்றேன்.

வாய் ஜாஸ்தி என்று துறவறத்துக்கு ஆகாமல் போனவள் நான். அன்றைக்கு அந்த வாய் எங்கே போய்த் தொலைந்ததோ தெரியவில்லை. வண்டி கேட்டைத் தாண்டி, மலைக்குப் போகிற கச்சிராயபாளையம் பக்கம் திரும்புகிற வரைக்கும் நின்று பார்த்தேன்.

போன வருஷம் அவர் இறந்துபோனார். அடக்கம் முடிந்து பல நாள் கழித்து, கடைத்தெருவில் யாரோ பேசிக்கொண்டிருந்ததிலிருந்து எனக்குத் தெரிந்தது. மலையில் ஆக்னஸ் பக்கத்திலேயே புதைத்தார்களாம். எனக்குச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, தோன்ற நியாயமும் இல்லை. ஸ்டெல்லாவிடம் பேசி முடித்த பிறகு எனக்கு ஒன்று உறைத்தது. ஆக்னஸுக்கு மாதாமாதம் பூசை வைக்க அவர் இருந்தார். அவருக்கு வைக்க யார் இருக்கிறார்கள்?

அந்தச் சனிக்கிழமை கல்வராயன் மலைக்கு, வெள்ளிமலை பஸ் ஏறினேன். அத்தனை வருஷம் பாட்டில் அனுப்பின கோயிலை நான் அதுவரை பார்த்ததில்லை. கோயிலை ஒட்டின அறையில், சாமியாருக்கு உதவியாகக் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் உட்கார்ந்திருந்தார். சின்ன வயது.

“யாருக்கும்மா பூசை?”

“செபஸ்தியான். மூங்கில்துறைப்பட்டு ஆலைல இருந்தாரே.”

“பேன் மேனா? டீச்சர் வூட்டுக்காரரு. தெரியும்.” எழுதிக்கொண்டார். “குடுக்கறது யாருன்னு பூசைல வாசிக்கணும். உங்க பேரு?”

“ஆரோக்கியமேரி.”

“நீங்க அவருக்கு இன்னா வேணும்மா?”

பஸ்ஸில் வரும்போதே இதைக் கேட்பார்கள் என்று தெரியும். தங்கச்சி என்று சொல்லலாம், தெரிந்தவள் என்று சொல்லலாம் என்று யோசித்துத்தான் வந்திருந்தேன். இரண்டும் வாயில் வரவில்லை.

“நான் அவருக்கு ஒண்ணும் இல்லப்பா. அவருதான் எனக்கு வேணும்” என்றேன்.

உபதேசியார் எழுதுவதை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து, “சரிம்மா, போட்டுக்கறேன்” என்றார்.

அன்றிரவு மலையில் இருக்கிற சிஸ்டர்களோடு தங்கி, மறுநாள் ஞாயிறு பூசைக்குப் போய் பெண்கள் பக்கம் கடைசியில் உட்கார்ந்தேன். பூசை தொடங்குவதற்கு முன்னால் உபதேசியார் மைக்கில் வாசித்தார். “மூங்கில்துறைப்பட்டு செபஸ்தியான் அவர்களின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இந்தத் திருப்பலியை ஒப்புக்கொடுப்பவர், அவருக்கு வேண்டியவர், ஆரோக்கியமேரி.”

நான் சொன்னதை மாற்றி வாசித்துவிட்டார். நான் திருத்தவில்லை.